க்வாய் ஆற்றில் நம்மவர் எங்கே?



‘கமாண்டோஸ் 2’ என்னும் கணினி விளையாட்டு 2001-ஆம் ஆண்டு வெளிவந்தது. ஸ்பெயின் நாட்டுப் பைரோ ஸ்டூடியோஸ் நிறுவனத்தின் படைப்பு. இரண்டாம் உலகப் போரில் எதிரியின் எல்லைக்குள் ஊடுருவும் ஒரு சிறு படையை நாம் வழிநடத்த வேண்டும். அவசரப்பட்டால் அழிவு, பொறுமை காத்தால் வெற்றி. அறிவுக்கு வேலை தரும் விளையாட்டு என்பதை மறுக்கவில்லை. என் சினமெல்லாம் அதில் வரும் க்வாய் ஆற்றுப் பாலத்தின் மீதுதான்.

அங்கே சிறைப்பட்ட அதிகாரியை மீட்டு, பாலத்தை வெடிவைத்துத் தகர்க்க வேண்டுமாம். இது வரலாறு அன்று; 1957-இல் வந்த ஆங்கிலத் திரைப்படத்தின் நிழல். உண்மையில் அப்பாலத்தைச் சிதைத்தவை 1945-இல் நேச நாட்டு விமானங்கள் வீசிய குண்டுகள். போகட்டும், கற்பனையை மன்னிக்கலாம். அந்தப் பாதைக்காக மாண்டவர்களை மறந்ததை எப்படி மன்னிப்பது?

ஜப்பானியர் 1942, 1943-ஆம் ஆண்டுகளில் அமைத்த சயாம் மரண இரயில் பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். அதில் மாண்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் 12,000 பேருக்கு மேல். ஆசியத் தொழிலாளர்களோ ஏறத்தாழ 90,000 பேர் என மதிப்பிடுகின்றனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர் அவர்களுள் பல்லாயிரவர். வாந்திபேதியும் மலேரியாவும் பட்டினியும் அவர்களை விழுங்கின. கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. நம்மவருள் பெரும்பாலோருக்கு அதுவும் இல்லை. விளையாட்டின் கதையிலும் இடமில்லை.

2020-இல் அதைப் புதுப்பித்து வெளியிட்டபோது நாஜிச் சின்னங்களை நீக்கினார்கள். கொடியில் காட்டிய கவனத்தை உயிர்களிடம் காட்டக் கூடாதா?

“விளையாட்டுதானே!” என்பர் சிலர். பாடநூலை ஒருமுறை புரட்டும் பிள்ளை, இதை நூறு முறை ஆடுகிறான். எது மனத்தில் நிற்கும்?

ஆயினும் முதல் குற்றவாளி ஸ்பெயின்காரன் அல்லன், நாம்தான். ஆர். சண்முகம் எழுதிய ‘சயாம் மரண ரயில்’ நாவல் நம்மில் எத்தனை வீடுகளில் இருக்கிறது? சயாமுக்குப் போய்த் திரும்பாத பாட்டனின் பெயரை எத்தனை பேர் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம்?

விளையாட்டைத் தடுக்க வேண்டா. பிள்ளை ஆடி முடித்ததும் அருகில் அமருங்கள். “இங்கே நம்மவர்களும் இருந்தார்கள்” என்று தொடங்குங்கள்.

நாம் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்?