பிழைத்தவர் பிழைக்க வேண்டாமா?

சிறுநீர்ப்பையில் புற்றுநோய், பையையே எடுத்தாச்சு. 'ஆள் அவ்வளவுதான்' என்பார்கள். அது தப்பு!

சிறுகுடலில் சுமார் இரண்டடி வெட்டி, உள்ளேயே புதுப்பை தைத்து வைக்கிறார்கள் டாக்டர்கள். அது ஒத்துவராதவருக்கு வயிற்றில் துவாரமிட்டு வெளியே பை ஒட்டுகிறார்கள். உடம்பு தேறியபின் பலர் வேலைக்கே திரும்புகிறார்கள்.

ஆனால் புதுப்பைக்குப் பழைய பை மாதிரி 'முட்டுது' என்று சொல்லத் தெரியாது. கடிகாரம் பார்த்து மூன்று, நான்கு மணிக்கொரு தடவை போயாக வேண்டும். ராத்திரியும் அலாரம் வைத்து எழ வேண்டும். தூக்கத்தில் கசிவதும் உண்டு.

சாயத்தொழிலாளரை இந்நோய் தாக்குவதை 1895-லேயே சொன்னார் ஜெர்மனி டாக்டர் லுட்விக் ரென். பென்சிடின் சாயங்களுக்கு இந்தியா 1990-களில் தடை போட்டது. பீடி, சிகரெட்டுக்குத் தடை ஏது? இந்நோய்க்கு முதல் காரணமே புகைதான்!

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பீஸ் ரேட் வேலை. எழுந்து போனால் கூலி போச்சு! போனாலும் கழிப்பறையில் க்யூ. ஆபரேஷனில் பிழைத்தவர் இங்கே எப்படிப் பிழைப்பது?

முதலாளிமார் பெரிய தர்மம் செய்ய வேண்டாம். சுத்தமான கழிப்பறை, தண்ணீர், கேள்வி கேட்காமல் ஐந்து நிமிஷம். இது போதும். புற்றுநோய்க்கு இ.எஸ்.ஐ.யில், தகுதியுள்ளவருக்கு 80 சதவீதச் சம்பளத்துடன் நீண்ட விடுப்பு உண்டு. அதையும் தொழிலாளிக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

தொழிலாளருக்கும் ஒரு வார்த்தை: சிறுநீரில் ரத்தம் கண்டால், வலி இல்லையே என்று சும்மா இருக்காதீர்கள். அன்றே டாக்டரிடம் போங்கள். முதலிலேயே பிடித்தால் பையே தப்பும்!