குப்பியில் அடைத்த நினைவாற்றல்

செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நெல் வாங்க வரும் வியாபாரி முதலில் மூட்டையிலிருந்து ஒரு பிடி அள்ளுகிறார். உள்ளங்கையில் தேய்த்து உமியை ஊதிவிட்டு அரிசியின் நிறத்தைப் பார்க்கிறார். பல்லில் கடித்து ஈரத்தை அறிகிறார். அதன் பிறகே விலை சொல்கிறார்.

அந்தக் கூடத்துக்கு ஆண்டுதோறும் நெல் கொண்டு செல்லும் என் முன்னாள் மாணவர் ஒருவர் அண்மையில் என் வீட்டுக்கு வந்தார். கையில் சுண்டுவிரல் அளவே உள்ள கண்ணாடிக் குப்பி. அடியில் சிறிது வெள்ளைத் தூள். அவருடைய மகன் நீட் தேர்வுக்கு இரண்டாம் முறையாகத் தயாராகி வருகிறான். பயிற்சி மையத்தில் உடன் படிக்கும் நண்பன் சொன்னதைக் கேட்டு இணையத்தில் வரவழைத்திருக்கிறான். "ஐயா, இதைப் போட்டுக்கொண்டால் படித்தது மறக்காதாம். போடலாமா?" என்றார் தந்தை. குப்பியின் மீது 'செமாக்ஸ்' என்ற பெயர். அதன் கீழே, கண்ணாடி அணிந்தும் படிக்கச் சிரமமான பொடி எழுத்தில், ஆய்வகப் பயன்பாட்டுக்கு மட்டும், மனிதர்களுக்கு அன்று என்ற ஆங்கில வாசகம்.

நான் பொருளியல் படித்தவன், மருத்துவன் அல்லன். ஆயினும் இது மருத்துவத்துக்கு முன்பே சந்தையைப் பற்றிய கேள்வி என்று எனக்குத் தோன்றியது.

அமினோ அமிலங்கள் சங்கிலியாகக் கோக்கப்பட்ட சிறு மூலக்கூறே பெப்டைடு. நீரிழிவு நோயாளிகள் போட்டுக்கொள்ளும் இன்சுலின் 51 அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடுதான். இப்போது உடல் எடைக் குறைப்புக்காகப் பேசப்படும் செமாகுளூடைடும் அவ்வகையே. எனவே பெப்டைடு என்றாலே போலி என்று ஒதுக்கிவிட முடியாது. சிக்கல் என்னவென்றால், உண்மையான மருந்துகள் நீண்ட சோதனைகளின் வழியே ஈட்டிய நற்பெயரை, சோதிக்கப்படாத பொருள்கள் கடன் வாங்கிக்கொள்கின்றன.

செமாக்ஸ் ஏழு அமினோ அமிலங்களால் ஆனது, மாஸ்கோவில் உருவாக்கப்பட்டது. ரஷ்யாவில் மூக்கில் இடும் சொட்டு மருந்தாக ஒப்புதல் பெற்றுள்ளது. அமெரிக்காவோ ஐரோப்பிய ஒன்றியமோ அதற்கு ஒப்புதல் அளிக்கவில்லை. 2023-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதனைப் பாதுகாப்பு குறித்த ஐயத்துக்குரிய பொருள்களின் வரிசையில் வைத்தது. நலமாக உள்ள பதினெட்டு வயது மாணவனின் தேர்வு மதிப்பெண்ணை அது உயர்த்தும் என்பதற்கு நம்பத்தக்க பெரிய ஆய்வு எதுவும் இல்லை.

இதே சந்தையில் விற்கும் 'டைஹெக்ஸா'வின் கதை இன்னும் வருத்தத்துக்குரியது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவான மூலக்கூறு அது. அந்த ஆராய்ச்சியின் தொடர்ச்சியாக அதீரா என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. ஆய்வுக் கட்டுரைகளின் படங்களைத் திருத்தியதாக நிறுவனத்தின் விசாரணையில் தெரியவந்ததால் அதன் தலைமை நிர்வாகி 2021-இல் பதவி விலகினார். அவ்வழியில் வந்த மருந்து ஆல்சைமர் நோயாளிகளிடம் நடத்திய சோதனையில் 2024 செப்டம்பரில் தோல்வியுற்றது. டைஹெக்ஸா மட்டும் இன்றும் இணையத்தில் விற்கிறது.

நம் நாட்டில் இந்த ஆசை புதிதன்று. ஷாம்புவைச் சிறு உறையில் அடைத்து விற்று நாடறிந்த, கடலூரை வேராகக் கொண்ட வெல்வெட் நிறுவனம், லக்னௌவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் நீர்ப்பிரமியிலிருந்து உருவாக்கிய 'மெமரி பிளஸ்' மாத்திரையை 1990-களில் சந்தைக்குக் கொண்டுவந்தது. விளம்பரத்தில் விஸ்வநாதன் ஆனந்த் தோன்றினார். என் வகுப்பிலும் சிலர் வாங்கினார்கள். (இன்று அந்தப் பெயரையே நினைவில் வைத்திருப்போர் குறைவு.) அதன் பின்னால் ஓர் அரசு ஆய்வகமாவது இருந்தது.

பன்றியின் மூளையிலிருந்து எடுக்கப்படும் பெப்டைடுக் கலவையான செரிப்ரோலைசின், பக்கவாதத்துக்கும் மறதி நோய்க்கும் இந்திய மருத்துவமனைகளில் இன்றும் எழுதித் தரப்படுகிறது. பக்கவாதச் சிகிச்சையில் அதன் பயனை ஆராய்ந்த காக்ரேன் அமைப்பின் 2020-ஆம் ஆண்டு மதிப்பாய்வு, அது உயிரிழப்பைத் தடுப்பதில் பயன் சிறிதே, அல்லது இல்லை என்றும், கடுமையான பக்கவிளைவுகள் கூடுவதற்கு வாய்ப்புண்டு என்றும் கூறியது. மருத்துவர் எழுதித் தரும் மருந்தின் நிலையே இதுவென்றால், முகவரியற்ற குப்பியைப் பற்றி என்ன சொல்வது?

நெல்லுக்குத் திரும்புவோம். வாங்கும் முன்பே தரம் தெரியும் பொருள்கள் உண்டு. வாங்கிப் பயன்படுத்திய பின் தெரிபவை உண்டு. பயன்படுத்திய பிறகும் தரம் தெரியாத பொருள்களும் உண்டு என்று டார்பி, கார்னி என்ற இரு பொருளியலாளர்கள் 1973-இல் எடுத்துக்காட்டினர். நம்பிக்கை ஒன்றே அவற்றின் விலை. நினைவாற்றல் ஊசி இந்த மூன்றாம் வகையைச் சேர்ந்தது. மகன் தேர்வில் வென்றால் ஊசியால் என்பார்கள்; தோற்றால் அளவு போதவில்லை என்பார்கள். எந்த விடையும் விற்பவருக்கு நட்டமில்லை. இத்தகைய சந்தை தன்னைத் தானே திருத்திக்கொள்ளாது. கெட்ட நெல்லைக் கொண்டுவரும் விவசாயியை அடுத்த முறை வியாபாரி அடையாளம் கண்டுகொள்வார். இங்கு அதற்கு வழியே இல்லை.

ஊசி உண்மையிலேயே வேலை செய்கிறது என்றே வைத்துக்கொள்வோம். மருத்துவ இடங்கள் வரம்புக்கு உட்பட்டவை. ஒருவர் முன்னேறினால் மற்றொருவர் பின்தங்குவார். எல்லோரும் போட்டுக்கொண்டால் தரவரிசை பழையபடியே இருக்கும். எல்லோருடைய பணமும் போயிருக்கும். கூட்டத்தில் ஒருவர் நுனிக்காலில் நின்றால் நன்றாகத் தெரியும், எல்லோரும் நின்றால் ஒருவருக்கும் பயனில்லை என்ற ஃப்ரெட் ஹிர்ஷின் 1976-ஆம் ஆண்டுக் கருத்து நீட் பயிற்சிச் சந்தைக்கு அப்படியே பொருந்தும். அந்த நுனிக்கால் போட்டியில் முதலில் கால் வலிப்பது செஞ்சி வட்டாரத்துச் சிறு விவசாயிக்குத்தான். அந்தக் குப்பிக்கு என் மாணவர் கொடுத்தது இரண்டு மூட்டை நெல்லின் விலை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் 106-ஆவது விதியும் அதனோடு இணைந்த 'ஜே' அட்டவணையும், மூளைத் திறனையோ நினைவாற்றலையோ பெருக்கும் என்று எந்த மருந்தும் உரிமை கொண்டாடக் கூடாது என்கின்றன. ஆனால் தவறான மருந்து விளம்பரங்களைத் தண்டிக்கும் 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் நினைவாற்றல் இடம்பெறவில்லை. முதல் குற்றத்துக்கு அச்சட்டம் விதிக்கும் உச்சத் தண்டனையும் ஆறு மாதச் சிறைதான். நினைவாற்றலைப் பட்டியலில் சேர்த்துத் தண்டனையையும் கூட்ட மத்திய அரசு 2020 பிப்ரவரியில் ஒரு திருத்த வரைவை வெளியிட்டது. அது வரைவாகவே நின்றுவிட்டது. 'ஆய்வகப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்ற வரியோ விற்பவருக்கு இன்னொரு கதவைத் திறந்து வைக்கிறது. ஆய்வுக்கென்று விற்கும் பொருளைப் பதிவுபெற்ற ஆய்வு நிறுவனத்துக்கு மட்டுமே அனுப்ப வேண்டும், வீட்டு முகவரிக்கு அனுப்பக் கூடாது என்ற ஒரே விதி இந்தக் கதவைப் பெரிதும் மூடிவிடும். இதற்குப் புதிய ஆணையம் எதுவும் தேவையில்லை.

2025-இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் உரிமம் பெற்று இயங்கிய ஆலையின் இருமல் மருந்தில் 48.6 விழுக்காடு டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இருந்தது கண்டறியப்பட்டது. மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் மாண்டனர். உரிமமும் ஆய்வாளரும் இருந்த இடத்திலேயே இந்த நிலை.

மூளைக்குத் தேவையானவை உண்மையில் மலிவானவை. தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உள்ளவர்கள். இரும்புச் சத்துக் குறைந்தால் கவனம் சிதறும் என்பது ஐயத்துக்கு இடமில்லாத செய்தி. பள்ளிகளில் தரும் இரும்புச்சத்து மாத்திரை, அயோடின் உப்பு, காலை உணவு, இரவில் ஏழெட்டு மணி நேர உறக்கம் ஆகியவற்றுக்கு விளம்பரம் செய்வார் இல்லை. அவற்றில் எவருக்கும் பெரிய லாபம் இல்லை. மகன் எத்தனை மணி நேரம் உறங்குகிறான் என்று கேட்டேன். நான்கு மணி நேரம் என்றார் தந்தை, சற்றுப் பெருமையுடன்.

ஊசி போட வேண்டாம் என்றேன். தலையசைத்தார். குப்பியை என்ன செய்வது என்று கேட்டார். விழுப்புரத்தில் மருந்து ஆய்வாளரிடம் ரசீதுடன் கொடுத்து ஒரு புகாரும் எழுதித் தரலாம் என்றேன். கைப்பேசியை எடுத்து வெகுநேரம் தேடினார். பணம் போன செய்தி இருந்தது. ரசீது எதுவும் வரவில்லை.