"கெடுதல் ஒன்றும் இல்லையே" என்கிறார்கள்

கொடைக்கானல் மலையில், பழநிச் சாலை பிரியும் பெருமாள்மலையில் மலைப்பூண்டும் யூகலிப்டஸ் தைலக் குப்பியும் என்றும் விற்பவைதான். கொரோனாக் காலத்தில் இந்த இரண்டுமே மருந்தாகிவிட்டன. பூண்டைப் பாலில் வேகவைத்துக் குடி, தைலம் விட்டு ஆவி பிடி, கொரோனா அண்டாது என்று வாட்ஸ்அப்பில் வராத நாளில்லை. ஆதாரம் கேட்டால் இன்றும் ஒரே பதில்: "பலன் இல்லாவிட்டால் போகட்டும், கெடுதல் ஒன்றும் இல்லையே!"

கெடுதல் உண்டு. மூக்கடைப்புக்கு ஆவி இதம் தரும், மறுக்கவில்லை. ஆனால் வைரஸ் பெருகுவது நம் உயிரணுக்களுக்குள். அங்கே அதைக் கொல்லும் அளவுக்குச் சூடேற்றினால் முதலில் வெந்துபோவது தொண்டைதான். போர்வைக்குள் கொதிக்கும் சட்டி, பக்கத்தில் குழந்தை: இங்கிலாந்தின் பர்மிங்காம் குழந்தைகள் மருத்துவமனைக்கு 2020-ல் இப்படி வெந்து வந்த பிள்ளைகள் அதிகமானதை அங்குள்ள மருத்துவர்கள் லான்செட் இதழில் எழுதி எச்சரித்தார்கள். தைலத்தைக் குழந்தை குடித்துவிட்டால் வலிப்பே வரலாம். 2020 மே மாதம் சென்னையில், கொரோனாவுக்கு மருந்து கண்டுபிடிக்க முயன்ற மூலிகைப் பொருள் நிறுவனமொன்றின் ஊழியர், தாங்கள் தயாரித்த ரசாயனக் கலவையைத் தாமே குடித்துப் பார்த்து இறந்துபோனார்.

"குடித்தவர்கள் பிழைத்தார்களே?" குடிக்காதவர்களிலும் பெரும்பாலோர் பிழைத்தார்கள். ஒரே மாதிரியான நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் கொடுத்துப் பார்த்தால்தான் மருந்தின் பங்கு தெரியும்.

"இங்கிலீஷ் வைத்தியமும் தடுமாறியதே?" தடுமாறியது, உண்மை. பிளாஸ்மா சிகிச்சைக்கு ஊரெல்லாம் பிளாஸ்மா தானம் கேட்டு அலைந்தோம். ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 39 மருத்துவமனைகளில் 464 பேரிடம் அதைச் சோதித்தது. நோய் முற்றுவதையோ மரணத்தையோ அது குறைக்கவில்லை என்று தெரிந்தது. தாமதமாகத்தான் என்றாலும், 2021 மே மாதம் சிகிச்சை நெறிமுறையிலிருந்தே அதை நீக்கினார்கள். பூண்டுப் பாலைப் பரப்பியவர்களில் யார் இப்படிச் சோதித்தார்கள், யார் திரும்பப் பெற்றார்கள்?

எல்லாவற்றையும்விடப் பெரிய கெடுதல், கையைவிட்டுப் போகும் நேரம். இந்த நோயில் சிலருக்கு மூச்சுத் திணறலே தெரியாமல் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கிவிடும். உள்கிராமத்தில் இருப்பவர் பூண்டுப் பாலையோ கஷாயத்தையோ நம்பி இரண்டு நாள் வீட்டிலேயே படுத்திருந்தால், அதன்பிறகு நிலை மோசமாகி, மலைப்பாதை முழுக்க இறங்கித் திண்டுக்கல்லுக்கோ தேனிக்கோ போக வேண்டியிருக்கும். சமவெளிக்காரருக்குச் சீக்கிரம் கிடைக்கும் தீவிர சிகிச்சை இங்கே பல கொண்டை ஊசி வளைவுகளுக்கு அப்பால் இருக்கிறது. வீடு வீடாகக் கஷாயம் கொடுத்தவர்கள், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 94-க்குக் கீழே காட்டினால் உடனே கிளம்புங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும்.