பெல்ட்டை இறுக்கிக்கொள்ளும் நாற்காலி

ஒரு சோபா ரொம்ப அழகாக இருந்த நாள் எது என்று கேட்டால், கடையில் இருந்த கடைசி நாள் என்றுதான் பல வீடுகளில் பதில் வரும். வீட்டுக்கு வந்த பிறகு இறங்குமுகம்தான். உட்காரும் இடம் பள்ளமாகும், ரெக்சின் உரியும். நாலைந்து வருடத்தில், 'இதை யார் எடுத்துக்கொண்டு போவார்கள்?' என்ற பேச்சு வந்துவிடும்.

டென்மார்க்கில் 1958-ல் வெளிவந்த ஒரு நாற்காலியின் கதையே வேறு. வயதாக ஆக அதற்கு மதிப்பு கூடுகிறது. பெயர் 'ஸ்பானிஷ் சேர்'. கனமான ஓக் மரச் சட்டம், உட்கார ஒரு தோல், சாய ஒரு தோல், அவ்வளவுதான். பஞ்சும் கிடையாது, ஸ்பிரிங்கும் கிடையாது. தரைக்குக் கொஞ்சம் பக்கத்தில், கால் நீட்டிச் சாய்ந்து உட்காரும்படி தாழ்வாக இருக்கும்.

இதன் சூட்சுமம் பின்பக்கம் போய்ப் பார்த்தால்தான் தெரியும். சாயும் தோலின் பின்னாலும், உட்காரும் தோலின் அடியிலும் பக்கிள் வைத்த வார்கள் இருக்கும். நாம் இடுப்பில் போடும் பெல்ட் போலவேதான். தோல் என்றால் நாள்பட நாள்படத் தளரத்தான் செய்யும். தளர்ந்தால் பக்கிளை அடுத்த துளைக்கு மாற்றி இறுக்கினால் போதும், நாற்காலி மறுபடி விறைப்பாகிவிடும். இதற்கு மெக்கானிக் வேண்டாம், ஆணியும் பசையும் வேண்டாம். வீட்டில் யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

இதை வடிவமைத்தவர் போர்கே மோகென்சன். 1914-ல் டென்மார்க்கின் ஆல்போர்க் நகரில் பிறந்தவர். படிப்புக்கு முன்பே உளி பிடித்தவர். 1934-ல் மரவேலையில் தேர்ச்சி பெற்று, அதன் பிறகுதான் கோபன்ஹேகனில் வடிவமைப்பு படிக்கப் போனார். மரம் எங்கே விரியும், இணைப்பு எங்கே ஆடும் என்பது கை வழியாகவே அவருக்குத் தெரிந்திருந்தது.

கோபன்ஹேகனில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் கோரே கிளின்ட். 'புதிதாக எதையாவது கண்டுபிடிப்பதற்கு முன்னால், பழையவர்கள் செய்ததை அளந்து பார்' என்ற வழியில் பாடம் நடத்தியவர். அவரே 1933-ல் செய்த 'சஃபாரி சேர்' நம் நாட்டோடு தொடர்புள்ளது. ஆங்கிலேய ராணுவ அதிகாரிகள் கழற்றி மூட்டை கட்டிக்கொண்டு போன ஒரு முகாம் நாற்காலிதான் அதற்கு மாதிரி. உத்தராகண்டில் இருக்கும் ரூர்க்கியில் ராணுவப் பொறியாளர்களின் தளம் இருந்ததால், 'ரூர்க்கி சேர்' என்றே அதற்குப் பெயர்.

மோகென்சனின் மனசு முழுக்கச் சாதாரண வீடுகளில்தான் இருந்தது. 1942-ல், டென்மார்க் ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்த சமயம், நுகர்வோர் கூட்டுறவுச் சங்கங்களின் மத்திய அமைப்பு அவரைத் தன் மரச்சாமான் வடிவமைப்புப் பிரிவுக்குத் தலைவராக்கியது. அப்போது அவருக்கு வயது 28. உழைக்கும் குடும்பம் வாங்கக்கூடிய விலையில், உறுதியான சாமான் செய்ய வேண்டும் என்பதே வேலை. 1947-ல் அங்கே அவர் செய்த எளிய சாப்பாட்டு நாற்காலிக்கு 'மக்கள் நாற்காலி' என்றே பெயர் வந்தது. மரச் சட்டம், முறுக்கிய காகிதக் கயிறால் பின்னிய இருக்கை. இன்றைக்கும் அது தயாரிப்பில் இருக்கிறது.

பிறகு 1950-களில் கிரேட்டே மேயர் என்ற வடிவமைப்பாளரோடு சேர்ந்து இன்னொரு வேலை செய்தார். ஒரு வீட்டில் எத்தனை சட்டை இருக்கும், மடித்தால் என்ன அளவு வரும், தட்டும் கரண்டியும் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று கணக்கெடுத்து, அதை வைத்து அலமாரி வடிவமைத்தார்கள். அலமாரியைச் செய்துவிட்டுச் சாமானைத் திணிப்பதுதானே வழக்கம்? இவர்கள் சாமானை முதலில் எண்ணினார்கள்.

ஸ்பானிஷ் சேரிலும் இதே புத்திதான். ஸ்பெயின் பயணத்தில், அகலமான கைப்பிடி வைத்த பழங்கால நாற்காலிகளை மோகென்சன் பார்த்தார். அவற்றில் இருந்த சித்திர வேலைப்பாடுகளை விட்டுவிட்டு, எலும்புக்கூட்டை மட்டும் எடுத்துக்கொண்டார். முதலில் காட்சிக்கு வைத்தபோது, ஹாலில் இருந்த மேஜைகளை எல்லாம் எடுத்துவிட்டு இடத்தைத் தாராளமாக்கியிருந்தார்கள். அப்படியானால் காபி டம்ளரை எங்கே வைப்பது? அதற்குத்தான் பலகை போல அகலமான அந்தக் கைப்பிடி. டீபாய் நாற்காலியிலேயே சேர்ந்துவிட்டது.

அடுத்தது தோல். குதிரைச் சேணத்துக்குப் போடும் தடித்த தோல், மரப்பட்டைச் சாறு போன்ற தாவரச் சத்துகளால் பதனிட்டது. நம் பக்கத்தில் ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்டார்களே, அந்த வகை. இப்படிப் பதனிட்ட தோல் வெளிச்சமும் கை எண்ணெயும் பட்டு, வெளிர் நிறத்திலிருந்து தேன் நிறமாகி, மெல்ல மெல்லக் கருமை ஏறும். கீறல்கூட அதில் கலந்துவிடும். பழைய ஸ்பானிஷ் சேரைத் தேடி வாங்குபவர்கள் விரும்புவது இந்த நிறத்தைத்தான்.

இதில் ஒரு வருத்தமும் உண்டு. சாமானியர் வீட்டை நினைத்தே உழைத்தவரின் இந்த நாற்காலி இன்று சாமானியருக்கு எட்டாது. ஃப்ரெடரிசியா நிறுவனம் இப்போதும் தயாரிக்கிறது, விலை பல ஆயிரம் யூரோ. கெட்டியான ஓக் மரமும் சேணத் தோலும் மலிவாகக் கிடைக்கிற பொருள்கள் இல்லை. மோகென்சன் 1972-ல் காலமானார். ஆனால் இந்த நாற்காலியிலிருந்து கற்றுக்கொள்ள யூரோ தேவையில்லை.

அடுத்த முறை சோபாவோ சேரோ வாங்கப் போகும்போது, உட்கார்ந்து பார்ப்பதோடு நிறுத்தாமல் கவிழ்த்தும் பார்க்கலாம். இருக்கை தளர்ந்தால் நாமே இறுக்க முடியுமா? உறையைத் தனியே கழற்ற முடியுமா? ஒரு கால் ஆடினால் தெருமுனைத் தச்சர் சரிசெய்வாரா, இல்லை முழுவதையும் தூக்கிப் போட வேண்டுமா? இந்தக் கேள்விகளைக் கடைக்காரரிடம் கேளுங்கள். அசல் தோல் என்றால், நேர்வெயில் படும் ஜன்னலோரத்தில் போடாதீர்கள், காய்ந்து வெடித்துவிடும்.

வீட்டில் ஏற்கெனவே பழைய நாற்காலி இருந்தால், எடைக்குப் போடும் முன் அதன் அடிப்பக்கத்தை ஒருமுறை பாருங்கள். இறுக்க வேண்டியது ஒரே ஒரு திருகாணியாக இருக்கலாம்.