கம்பியிலிருந்து கடலுக்கு ஒரு வழி

ஐப்பசி பிறந்துவிட்டால் மண்டபத்தூர் கரையில் எல்லார் கண்ணும் வானத்தில்தான். சென்ற வாரம், கரையேற்றிய பைபர் படகு ஒன்றின் அருகே பேசிக்கொண்டிருந்தபோது தூரத்தில் இடி உருண்டது. படகுக்காரர் வயர்லெஸ் செட்டிலிருந்து ஆன்டெனா வயரைக் கழற்றிப் பலகை மேல் போட்டார். "போன வருசம் எங்கேயோ மின்னல் வெட்டினதுக்கே செட்டு போயிடுச்சு தம்பி" என்றார்.

அவர் சொன்னது உண்மை. மின்னல் நேராக இறங்க வேண்டியதில்லை. சில நூறு மீட்டர் தள்ளி விழுந்தாலும் ஆன்டெனாக் கம்பியில் மின்னழுத்தம் எகிறும். மின்னலே இல்லாமல், காற்றும் மழைத்துளியும் உரசி ஏற்றும் நிலைமின்சாரமும் செட்டின் மென்மையான உறுப்புகளைச் சுட்டுவிடும்.

கழற்றுவது நல்லது. ஆனால் கழற்றிய முனை படகுக்குள்ளேயே கிடக்கிறதே, அதுதான் எனக்குக் கவலை. 1753-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ரிக்மன் என்ற அறிவியலாளர், மின்னலை அளக்கக் கூரையிலிருந்து வீட்டுக்குள் கம்பி இழுத்தார். அதை மண்ணோடு இணைக்கவில்லை. இடிமழையில் கம்பியிலிருந்து பாய்ந்த மின்சாரம் அவர் உயிரைக் குடித்தது. நம் வீட்டு பிளக் 6 அல்லது 16 ஆம்பியர் தாங்கும். மின்னலில் சாதாரணமாக 30,000 ஆம்பியர் ஓடும். போக வழியில்லாவிட்டால் அது பக்கத்தில் இருப்பவர் மேல் தாவும்.

பைபர் மின்சாரம் கடத்தாது. உப்புநீர் நன்றாகக் கடத்தும். அதனால் ஆன்டெனாக் கம்பத்தின் உச்சியைத் தாண்டி நிற்கும் இடிதாங்கி, அதிலிருந்து வளைவில்லாமல் இறங்கும் தடித்த செம்புக் கம்பி, தண்ணீருக்குள் ஒரு சதுர அடிச் செம்புத் தகடு, இவ்வளவும் வேண்டும். ஆன்டெனா வயரில் வாயு நிரப்பிய அரெஸ்டர் ஒன்றைச் சேர்த்து அதையும் இதே தகட்டோடு இணைக்கலாம். மின்னழுத்தம் ஏறினால் அது தானே வழி திறந்து மின்சாரத்தைக் கடலுக்கு அனுப்பும். நேரடி இடியில் செட் தப்பும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆள் தப்ப வாய்ப்பு கூடும்; எனக்கு அதுதான் பெரிது. புனே வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'தாமினி' செயலி மின்னலை முன்கூட்டிச் சொல்கிறது. அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது இன்னும் நல்லது.

"மணல்ல இழுக்கிறப்ப தகடு பிஞ்சிடாதா?" என்று கேட்டார் படகுக்காரர். கடையால் (பின்) பக்கம், நீர்மட்டத்துக்குக் கீழே, மணல் உரசாத இடத்தில் பதிக்கலாம் என்றேன். "பாசி?" செம்பில் பாசி எளிதில் ஒட்டாது அண்ணே, களிம்புதான் பிடிக்கும், இணைப்பு முடிச்சுகளை மாதம் ஒருமுறை சுரண்டிவிடுங்கள் என்றேன்.