பார்க் டவுனில் பார்க் எங்கே?



சென்னையிலிருந்து எனக்கு வரும் சரக்குப் பில்களில் பலவற்றில் "பார்க் டவுன், சென்னை-3" என்று அச்சாகியிருக்கும். நாற்பது வருடமாக அந்தப் பில்களுக்குப் பணம் கட்டுகிறேன். அது எந்தப் பார்க் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. சமீபத்தில்தான் விவரம் அறிந்தேன்.

1859-இல் கவர்னர் டிரெவெலியன் ஏற்படுத்திய பீப்பிள்ஸ் பார்க் அது. 116 ஏக்கர். குளங்கள், பேண்டு மேடை, மிருகக்காட்சி சாலை எல்லாம் இருந்தன. பிறகு விக்டோரியா ஹால் வந்தது, மூர் மார்க்கெட் வந்தது, ரிப்பன் கட்டடம் வந்தது, ஸ்டேடியமும் வந்தது. 1985-இல் மூர் மார்க்கெட் தீயில் எரிந்தது. அந்த வியாபாரிகளுக்குக் கொடுத்த இடத்தின் பெயர் அல்லிக்குளம் வணிக வளாகம். குளம் போய்க் கடை வந்ததைப் பெயரே சொல்கிறது.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், விழுப்புரத்தில் எங்கள் மண்டிக்குப் பக்கத்துப் பூங்கா பாழடைந்து கிடக்கிறது. "சும்மா கிடக்கிற இடம்தானே, ரோட்டோரமாக வரிசைக் கடை கட்டித் தரச் சொல்லி மனு கொடுப்போம்" என்கிறார்கள் நம் உறுப்பினர்கள் சிலர். திண்டிவனத்து நண்பர்கள் சிலருக்கும் இப்படி ஓர் எண்ணம் உண்டு. திண்டிவனம் என்றால் புளியங்காடு. அந்த ஊரிலேயே இன்று நிழலுக்குப் புளியமரம் தேட வேண்டியிருக்கிறது. புளி விற்றுப் பிழைக்கும் நான் வேறென்ன சொல்ல!

ரோட்டுமுகக் கடையின் மதிப்பு எனக்கும் தெரியும். ஆனால் லோடு இறக்கிய ஆட்கள் மதியம் துண்டை விரித்துப் படுப்பது அந்த மரத்தடியில்தான். கிராமத்திலிருந்து சாமான் வாங்க வரும் பெண்கள் பஸ் வரும்வரை உட்காருவதும் அங்கேதான்.

அங்கே ஒரு பழைய கிணறு இருக்கிறது. குப்பை கொட்டித் தூர்ந்துவிட்டது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் வாக்கில் மழை கொட்டியது. தண்ணீர் தெருவில் ஓடியது, குடோனில் புகுந்தது. அடுத்த கோடையில் அதே தெருவில் லாரித் தண்ணீர் வாங்கினோம். ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 900 லிட்டர் சேரும். சுற்றியுள்ள கடைகளின் மாடிக் குழாய்கள் எல்லாம் சாக்கடையில்தான் விழுகின்றன. கிணற்றைத் தூர் வாரி, வடிகட்டித் தொட்டி வைத்து, அவற்றை அதற்குத் திருப்பினால் என்ன?

சருகுகளைக் கொளுத்துகிறார்கள். பூங்காக் குப்பையை முடிந்தவரை பூங்காவிலேயே உரமாக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளிலேயே சொல்லப்பட்டது. காய்கறிக் கடைக் கழிவையும் சேர்த்து இரண்டு குழி போட்டால் போதும்.

பணம்? 2021-இல் மீண்டும் தொடங்கிய நமக்கு நாமே திட்டத்தில், மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கைப் பொதுமக்கள் செலுத்தினால் மீதியை அரசு தருகிறது. அந்த ஒரு பங்கை நம் சங்கம் ஏற்கலாம். "வரி கட்டுகிறோம், இதுவும் நாமா?" என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கடை கட்டித் தருகிறோம் என்றால் முன்பணம் கொடுக்க இவர்களே வரிசையில் நிற்பார்களே.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அங்கே உடைந்து கிடக்கும் சிமெண்ட் பெஞ்சுகளில் ஒன்றில் "உபயம்" என்று எங்கள் கடைப் பெயர்தான் இருக்கிறது. பெயர் எழுதியதோடு சரி, பிறகு நான் எட்டிப் பார்க்கவில்லை.

பொதுக்குழுவில் இதைப் பேசுவோம். கடை வேண்டும் என்பவர்களும் கணக்கோடு வரட்டும். எங்கள் மண்டி மாடிக் குழாயைக் கிணற்றுக்குத் திருப்பும் செலவும், அந்த பெஞ்சும் என் பொறுப்பு.