“அவன் அப்படித்தான்” என்று விட்டுவிடாதீர்கள்

“ஆறு மாசமா சட்டை பட்டன் போடத் தெரியல டாக்டர். படி இறங்கவே பயப்படறான்.” டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்து, நாற்பது வயதைத் தாண்டிய பிள்ளைகளை அழைத்துவரும் பெற்றோர் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். நாம் வாய் திறப்பதற்குள் சமாதானமும் அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள்: “சின்ன வயசுலேர்ந்தே அவன் அப்படித்தானே.” மருத்துவர்களில் பலரும் அதற்குத் தலையாட்டிவிடுகிறார்கள். அந்தத் தலையாட்டலைத்தான் நான் எதிர்க்கிறேன். பட்டன் போடக் கற்றுக்கொண்டு இருபது வருடம் தானே போட்டுக்கொண்டவர், இப்போது முடியாமல் தவிக்கிறார் என்றால், அது பிறவிக் குறைபாடு அல்ல. புதிதாக ஏதோ நடக்கிறது.

அது பெரும்பாலும் அல்சைமராக இருக்கக்கூடும். காரணம் 21-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. எல்லோருக்கும் அது இரண்டு; டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு மூன்று. 1984-இல் ஜார்ஜ் கிளென்னரும் கெய்ன் வோங்கும் அல்சைமர் நோயாளிகளின் மூளை ரத்தநாளங்களில் படிந்திருந்த அமிலாய்டு புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதே புரதம் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் மூளையிலும் கிடைத்தது. அப்படியானால் அதற்கான மரபணு 21-ஆவது குரோமோசோமில்தான் இருக்க வேண்டும் என்று அவர்கள் ஊகித்தார்கள். 1987-இல் அந்த மரபணு அங்கேயே கண்டுபிடிக்கப்பட்டது. மரபணு மூன்று இருப்பதால் அமிலாய்டும் பிறந்த நாளிலிருந்தே கூடுதலாக உருவாகிறது. நாற்பது வயதுக்குள் ஏறக்குறைய எல்லோர் மூளையிலும் அதன் படிவுகள் சேர்ந்துவிடுகின்றன. ஐம்பதுகளின் தொடக்கத்தில் மறதிநோய் வெளியே தெரிய ஆரம்பிக்கிறது. நீண்ட காலம் வாழ்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அது வந்துவிடுகிறது.

இதற்கு எனக்குத் தெரிந்த வலுவான சான்று ஒரு பெண்மணி. 1998-இல் பிரிட்டனிலிருந்து வெளியான ஆய்வறிக்கை அவரைப் பற்றியது. அவருக்கும் டவுன் சிண்ட்ரோம்தான். ஆனால் 21-ஆவது குரோமோசோமின் ஒரு பகுதி மட்டுமே மூன்றாக இருந்தது. அமிலாய்டு மரபணு அந்தப் பகுதியில் சேரவில்லை. 78 வயதுவரை வாழ்ந்தார், அல்சைமர் வரவில்லை.

இத்தனை தெரிந்தும் நம் ஊரில் இது பேசப்படாததற்குக் காரணம், இந்த வயதை எட்டும் முதல் தலைமுறை இதுதான் என்பது. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலேயே டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் 25 வயதுதான். இன்று 60-ஐ நெருங்கிவிட்டது. அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் இதயக் கோளாறுடன் பிறக்கிறார்கள். இதய அறுவை சிகிச்சையும் நல்ல மருந்துகளும் அவர்களைக் காப்பாற்றுகின்றன. காப்பாற்றிய பிறகு?

இங்கேதான் நம் ஏற்பாடுகள் நின்றுபோகின்றன. பள்ளிச் சிறார் நலத் திட்டம் டவுன் சிண்ட்ரோமைக் கவனிக்கிறது. ஆனால் 18 வயதுவரை மட்டும். சிறப்புப் பள்ளியும் அந்த வயதோடு முடிகிறது. அதன்பின் அடையாள அட்டை, மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை, எழுபதைத் தாண்டிய ஒரு தாய். நோய் வரும் வயதில் அவர்களைப் பார்க்க மருத்துவத் துறையில் யாருமில்லை.

நோயின் முதல் அறிகுறி மறதியாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. கலகலப்பாக இருந்தவர் ஒதுங்கிக்கொள்கிறார். பிடிவாதம் கூடுகிறது. தரையின் நிறம் மாறும் இடத்தில் பள்ளம் இருப்பதாக நினைத்துக் கால் வைக்கத் தயங்குகிறார். அதுவரை வலிப்பே வராதவருக்கு நாற்பது வயதுக்கு மேல் வலிப்பு வருகிறது. வருடக்கணக்காகக் குடும்பத்தோடு திருவண்ணாமலையில் கிரிவலம் வந்தவர், பழகிய அதே 14 கிலோமீட்டர் பாதையில் எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் நிற்கிறார். பௌர்ணமிக் கூட்டத்தில் கை நழுவினால் தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு போன் நம்பர் இருக்கட்டும்.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மாற்றம் தெரிந்ததும் அல்சைமர் என்று முத்திரை குத்துவதும் அதே அளவு தவறு. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைராய்டு குறைபாடு மிகச் சாதாரணம். அது ஒன்றே ஆளை மந்தமாக்கிவிடும். கண்புரை, காது மந்தம், தூக்கத்தில் மூச்சு தடைபடுவது, பி12 குறைவு, கழுத்தெலும்பு நழுவித் தண்டுவடம் அழுந்துவது, அப்பாவோ அம்மாவோ இறந்தபின் வரும் மனச்சோர்வு என எதுவும் மறதிநோய் போலவே தோற்றம் தரும். இவற்றில் பெரும்பாலானவை சிகிச்சைக்குக் கட்டுப்படுபவை. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய தைராய்டுக் குறையை “அவன் அப்படித்தான்” என்று வருடக்கணக்கில் விட்டுவைப்பது பெரிய அநியாயம்.

மருந்தைப் பற்றி மிகை நம்பிக்கை கொடுக்க நான் தயாரில்லை. மெமான்டின் மாத்திரை இவர்களுக்குப் பயன் தரவில்லை என்று 2012-இல் வெளியான ஆய்வு காட்டியது. அமிலாய்டைக் கரைக்கும் லெகானெமாப் 2023-இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்றது; அதன் முக்கியப் பரிசோதனையில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள் சேர்க்கப்படவில்லை. அமிலாய்டின் ரகசியத்தை உலகுக்குக் காட்டிக்கொடுத்தது இவர்களுடைய மூளை. மருந்து வரும்போது இவர்களே வரிசைக்கு வெளியே நிற்கிறார்கள்.

பெரிய கருவிகள் இல்லாமல் இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பிரதமர் பெயர் கேட்டு, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லும் வழக்கமான ஞாபகச் சோதனை இவர்களுக்குப் பொருந்தாது. இவர்களை ஒப்பிட வேண்டியது இவர்களுடைய பழைய நிலையோடுதான். அந்தப் பழைய நிலை எங்காவது பதிவாகியிருக்க வேண்டும். 35 வயதில் கைபேசியில் ஒரு வீடியோ எடுத்து வையுங்கள்: சட்டை போடுவது, தட்டில் சோறு போட்டுச் சாப்பிடுவது, கடைக்குப் போய்வருவது, வீட்டில் உள்ளவர்கள் பெயரைச் சொல்வது. வருடம் ஒருமுறை அதையே மறுபடி எடுங்கள். எந்த ஸ்கேனையும்விட அது எனக்கு அதிகம் சொல்லும்.

மாவட்ட நிர்வாகத்திடமும் ஒரு கோரிக்கை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்க ஏற்கெனவே வீடு வீடாகப் போகிறார்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள பெரியவர் இருக்கும் வீட்டில், “போன வருடம் செய்த எதையாவது இப்போது செய்ய முடியவில்லையா?” என்று ஒரு கேள்வி கேட்கட்டும். ஆமென்றால் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பட்டும். வருடம் ஒருமுறை தைராய்டு பார்க்கட்டும். குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை: 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஆட்சியர் தலைமையிலான குழுதான் இவர்களுக்குச் சட்டபூர்வ பாதுகாவலரை நியமிக்கிறது. அண்ணனா, தங்கையா, யார் அந்தப் பொறுப்பை ஏற்பது என்று பெற்றோர் இருக்கும்போதே உட்கார்ந்து பேசி, விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.

– கட்டுரையாளர், திருவண்ணாமலையில் பணிபுரியும் நரம்பியல் மருத்துவர்.